தூங்கிய முள்

அத்தியாயம் 3

ரூபினி அந்தக் கடிதத்தை எங்கள் மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்காகச் சொல்வது. அவள் வைத்த வேகத்தில் என் கோப்பி பாதி தட்டில் கொட்டிவிட்டது.

"சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள இதுல நான் கையெழுத்து போடணுமாம்," என்றாள். "போட மாட்டேன் லா. செய்யாத தப்புக்கு என் கையெழுத்து யாருக்கும் கெடைக்காது. ஏன் கெடைக்காதுன்னு அவங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேணும். அதுக்குத்தான் வந்தேன்."

காலை ஒன்பது மணி இருக்கும். கீழே பூக்கடையில் மல்லிகை வந்து இறங்கியிருந்தது. பினாங்கு ஸ்திரீட்டில் அந்தக் கடையின் மேல்மாடிதான் எங்கள் ஆபீஸ். எங்கள் என்றால், கதவில் உள்ள பெயர் தனுஜாவுடையது. பத்து வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக உடைந்த கார்களையும் உடையாத பொய்களையும் பரிசோதித்தவள். பிறகு தனியாகத் துப்பறிய வந்துவிட்டாள். நான் அய்யாக்கண்ணு. பாயான் லெப்பாஸ் பெக்டரி பஸ்ஸை இருபத்தாறு வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவன். வீட்டில் நான் சும்மா இருப்பதை என் மனைவியால் மூன்று மாதத்துக்குமேல் பொறுக்க முடியவில்லை, அதனால் இங்கே சேர்ந்தேன். தனுஜாவுக்குக் கார் ஓட்டுவதும் பேச்சுக் கொடுப்பதும் என் வேலை. இரண்டாவதை யாரும் கேட்காமலே செய்வேன்.

தனுஜா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். எதையும் அப்படித்தான் படிப்பாள். முதல் முறை எழுதியிருப்பது என்ன என்று பார்க்க, இரண்டாம் முறை எழுதியவர் யார் என்று பார்க்க. பிறகு எனக்காக உரக்கப் படித்தாள்.

"'ரூபினி ஆகிய நான் பொருத்திய தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டதால், ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மேட்டில் சூட்டு முள் சிவப்புக்கு ஏறி, ஜீப் கொதித்தது. டிரைவர் நல்லமுத்துவின் கை வெந்ததற்கு என் வேலையே காரணம். இனிமேல் கிளப் உறுப்பினர்களின் வண்டிகளைத் தொடமாட்டேன்.' கீழ கோடு போட்டு உங்க பேரு."

"பேரு மட்டும்தான் என்னோடது. மத்ததெல்லாம் ஜீப் கிளப் தலைவர் எழுதினது," என்றாள் ரூபினி.

கதை இதுதான். பாலிக் புலாவில் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் லோகேஸ்வரன், வெளியாட்களைப் பழம் சாப்பிட மேட்டுக்கு ஏற்றிப்போகும் சுற்றுலாவும் நடத்துகிறார். அதற்கு அவரிடம் நாற்பது வயதான ஒரு பச்சை டீசல் ஜீப் இருக்கிறது. மேடு இல்லாத சமமான ரோட்டில் அது ஐஸ் பெட்டி மாதிரி குளிர்ந்து ஓடும். ஆளை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினால் சூடேறி மூச்சு வாங்கும். போன மாதம் அதை ஜெலுத்தோங்கில் ரூபினியின் பட்டறைக்கு அனுப்பினார். அவள் திறந்து பார்த்தபோது தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. உள்ளங்கையில் அடங்கும் பித்தளைச் சமாச்சாரம் அது. எஞ்சின் தண்ணீர் சூடாகும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்து, சூடானதும் திறந்துவிடும். எந்தக் காலத்திலோ யாரோ அதைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். ரூபினி வழக்கமானதைவிட வாய் பெரிதான, எண்பத்திரண்டு டிகிரியில் திறக்கும் புதியது ஒன்றை வரவழைத்துப் போன வாரம்தான் பொருத்தினாள். இனிமேல் சூட்டு மீட்டரில் முள் நடுவில் நிற்கும், பயப்படாதீர்கள் என்று டிரைவர் நல்லமுத்துவிடம் சொல்லி, அபாயச் சிவப்புக்கு வெகு கீழே அது நிற்க வேண்டிய இடத்தில் மீட்டர் கண்ணாடிமேல் தன் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளியும் வைத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு பயணிகளோடு தோட்டத்து மேட்டில் ஜீப் கொதித்தது. நல்லமுத்து பதறிப்போய் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வலது கையை வேகவைத்துக்கொண்டார். பயணிகளில் ஒருத்தி புகார் எழுதினாள். திங்கட்கிழமை லோகேஸ்வரன் கிளப் ஆட்களை நிற்கவைத்து எஞ்சினிலிருந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் காட்டி, இந்தப் பொண்ணு போட்டதுதான் மாட்டிக்கொண்டது என்று வீடியோவும் எடுத்துவிட்டார்.

பினாங்குத் தீவில் பழைய ஜீப் வைத்திருக்கும் அத்தனை பேரும் அவர் தலைவராக இருக்கும் அந்தக் கிளப்பில்தான் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் ரூபினி பட்டறையின் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். போடாவிட்டால் ஐந்து மணிக்கு அந்த வீடியோ அவள் பெயரோடு எல்லாருக்கும் போகும்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அதெல்லாம் சரி, இந்த ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்குலா?" என்றேன். "அது பனி கொட்டுற நாட்டுக்காரன் செஞ்சது. பெக்டரி பஸ் என் கைக்கு வந்தா மொத வேல, அதப் புடுங்கிக் கடாசிடுவேன். இருபத்தாறு வருசம், ஒரு நாள் கொதிச்சதில்ல."

ரூபினி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தக் கோப்பியை மறுபடி சூடு பண்ணியிருக்கலாம்.

"உங்க பஸ் எஞ்சின் வேற, இது வேற அங்கள். இதுல அத எடுத்துட்டா..."

எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவள் சொன்னதை நான் கேட்கவில்லை. அடுத்த நகைச்சுவையை யோசித்துக்கொண்டிருந்தேன். தனுஜா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் புத்திமதிய எத்தன பேருக்குக் குடுத்திருக்கீங்க அண்ணே?"

"எங்க வீட்டுக் கீழ ஜெலுத்தோங் ஒட்டுக்கடைல தேத்தண்ணி குடிக்க வர்ற எல்லாருக்கும். இலவசம்தான்."

அவள் சின்ன நோட்டுப் புத்தகத்தை எடுத்து ஒரு வரி எழுதினாள். கடிதத்தைப் பற்றி ஏதோ குறிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

*

பத்தரை மணிக்கு நாங்கள் பாலிக் புலாவில் இருந்தோம். லோகேஸ்வரனின் டுரியான் கொட்டகை சாலையோரமாகவே இருக்கிறது. பச்சை ஜீப் முன்மூடி திறந்து வாயைப் பிளந்தபடி நின்றது. லோகேஸ்வரன் ஐம்பது வயதுக்காரர், இஸ்திரி போட்ட கிளப் சட்டை, சிரித்த முகம். என்னைப் பார்த்ததும் என் பழைய பஸ் கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கைகொடுத்தார். இப்படிப்பட்டவர்களை வெறுப்பது கஷ்டம், ஆனால் நான் முயற்சி செய்தேன்.

தனுஜா தெர்மோஸ்டாட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். அவர் தயங்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பையின்மேல் தேதி எழுதி வைத்திருந்தார். எதிர்ச்சாரியில் நாகூர் மீரான் பாயின் சாப்பாட்டுக் கடை. தனுஜா நேராக அங்கே நடந்துபோய் ஒரு சட்டித் தண்ணீரும் ஒரு முழம் நூலும் கேட்டாள். பாய் முப்பது வருடமாகக் கடை நடத்துகிறார்; பித்தளையை வேகவைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லையாம். அதற்குக் குழம்பு ஊற்றவேண்டுமா என்று நான் அவர் சார்பில் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

நூலில் கட்டித் தொங்கவிட்ட தெர்மோஸ்டாட் சட்டிக்குள் சும்மா கிடந்தது. தண்ணீரில் சின்னக் குமிழ்கள் வரத் தொடங்கியதும் அதன் நடுத்தட்டு மெல்ல இறங்கி வாயைத் திறந்தது. வெளியே எடுத்து ஆறவைத்தால் மூடிக்கொண்டது. தனுஜா மூன்று முறை செய்து பார்த்தாள். மூன்று முறையும் ஒழுங்காகத் திறந்து ஒழுங்காக மூடியது.

எனக்கு வெற்றிக் களை வந்துவிட்டது. எங்கள் பின்னாலேயே வந்து நின்ற லோகேஸ்வரனுக்குச் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை.

"இன்னிக்கு தொறக்குது," என்றார். "ஞாயித்துக்கெழம தொறக்கல. பொருள்தானேம்மா, ஒரு தடவ மாட்டும், ஒரு தடவ மாட்டாது. என் டிரைவர் கை வெந்தது சட்டித் தண்ணியில இல்ல."

நல்லமுத்துவைப் பார்க்க முடியுமா என்று தனுஜா கேட்டாள். அவர் கிளினிக்குக்குக் கட்டு மாற்றப் போயிருக்கிறார், ஐந்து மணிக்கு வருவார், அப்போது எல்லார் முன்னாலும் கேட்டுக்கொள்ளலாம் என்றார். நியாயமாகப் பேசுகிறவர் மாதிரியே பேசினார். புகார் எழுதிய பயணியின் பெயரையும் நம்பரையும்கூட, தனக்கு மறைக்க எதுவுமில்லை என்று சொல்லி அவரே கொடுத்தார். ஹன்னா, பாயான் லெப்பாஸில் சிப் பெக்டரியில் வேலை.

காரில் ஏறியதும் தோற்றுவிட்டோமா என்று கேட்டேன்.

"திறக்குற பொருள் ஏன் அன்னிக்கு மட்டும் திறக்கலன்னு எல்லாரும் கேட்டுட்டிருக்கோம்," என்றாள் தனுஜா. "கேள்வியே தப்பா இருக்கலாம். பாயான் லெப்பாஸுக்கு விடுங்க அண்ணே."

*

மூன்று மணிக்கு ஷிப்ட் முடியும். அந்த வாசலில் இருபத்தாறு வருடம் காத்திருந்தவன் நான். எந்தக் கதவு முதலில் திறக்கும், யார் ஓடி வருவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஹன்னா தலையில் நீலத் துடுங்கும் கழுத்தில் பெக்டரி அட்டையுமாக வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். ரூபினி என்று ஒருத்தி இருப்பதே அவளுக்குத் தெரியாது. மேட்டில் புகை வந்தபோது கதவு திறக்காமல் ஜன்னல் வழியாகக் குதித்தோம், அதனால்தான் புகார் எழுதினேன் என்றாள். அவள் புகாரில் கேட்டது ஒன்றுதான். ஜீப்பின் பின்கதவை ரிப்பேர் செய்யுங்கள். தெர்மோஸ்டாட் என்ற சொல்லே அதில் இல்லை.

அன்று எடுத்த வீடியோ ஏதாவது இருக்கிறதா என்று தனுஜா கேட்டாள். இருக்காதா? இருபத்தேழு இருந்தன. ஜீப் கொதித்ததை எடுத்தது எங்கே என்று நான் பரபரத்தேன். தனுஜாவுக்கு அது வேண்டாமாம். கொதிப்பதற்கு வெகு முன்னால் எடுத்தது, பார்க்கவே சலிப்பாக இருப்பது ஏதாவது வேண்டும் என்றாள்.

ஹன்னா யோசித்து ஒன்றைக் காட்டினாள். ஜீப்பின் டாஷ்போர்டில் ஒட்டியிருந்த டுரியான் வடிவப் பொம்மை ஒன்று தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. இருபது விநாடிக்கு அதுதான். பின்னணியில் பெண்கள் சிரிக்கிறார்கள். ஓரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் டிரைவரின் கை, மணிக்கட்டில் செம்புக் காப்பு. எங்கேயோ பார்த்த கையாகப் பட்டது. ஆனால் இந்தத் தீவில் டிரைவர்கள் பாதிப் பேர் செம்புக் காப்புதான் போடுகிறார்கள், நானும் ஒரு காலத்தில் போட்டேன்.

"இது எங்க எடுத்தது?" என்றாள் தனுஜா.

"தெலுக் கும்பார்கிட்ட. மேட்டுல ஏறறதுக்கு முன்னாடி. ஜீப் ஜோர்ஜ் டவுன்லேருந்தே வந்துச்சு, எங்கள இங்க ஏத்திக்கிச்சு."

தனுஜா படத்தை நிறுத்தி, பொம்மைக்குப் பின்னால் இருந்த மீட்டரை விரலால் பெரிதாக்கினாள். கண்ணாடியில் ரூபினியின் சிவப்புப் புள்ளி தெரிந்தது. முள் அங்கே இல்லை. கீழே, வண்டியைக் காலையில் எடுக்கும்போது எங்கே இருக்குமோ அங்கேயே படுத்திருந்தது.

அவள் ரூபினிக்குப் போன் போட்டு எங்களுக்கும் கேட்கும்படி வைத்தாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அந்த ஜீப் ஜோர்ஜ் டவுனிலிருந்து முக்கால் மணி நேரம் சமமான ரோட்டில் ஓடியபிறகும் முள் கீழேயே படுத்திருந்தால் என்ன அர்த்தம்?



"உள்ள தெர்மோஸ்டாட்டே இல்லன்னு அர்த்தம்," என்றாள் ரூபினி. "உள்ள இருந்திருந்தா பத்து நிமிசத்துல புள்ளிக்கு வந்திருக்கும். திறக்காம மாட்டிக்கிட்டா அதையும் தாண்டிப் போயிருக்கும். காலையில சொன்னேனே அக்கா. இந்த எஞ்சின்ல தண்ணிக்கு ரெண்டு வழி. ஒண்ணு ரேடியேட்டருக்கு. இன்னொண்ணு அங்க போகாம எஞ்சினுக்கே திரும்பற குறுக்கு வழி. தெர்மோஸ்டாட் ரேடியேட்டர் வழியத் தொறக்கும்போதே அடியில இருக்கற தட்டு குறுக்கு வழிய அடைச்சிடும். அத எடுத்துட்டா ரெண்டும் தொறந்து கெடக்கும். சமதரையில எஞ்சினுக்கு வேல இல்ல, முள் தூங்கும். லோடோட மேட்டுல ஏறினா பாதித் தண்ணி ஆறாமலே திரும்பி வரும். கொதிக்காம என்ன செய்யும்?"

இந்த முறை நான் கவனமாகக் கேட்டேன்.

"அப்போ ஞாயித்துக்கெழம எஞ்சின்ல இல்லாத ஒண்ண திங்கக்கெழம லோகேஸ்வரன் வெளிய எடுத்திருக்காரு," என்றேன். "சர்க்கஸ்ல சேந்திருக்கலாம்."

"இல்லாதத எடுக்க முடியாது. நடுவுல யாரோ திரும்ப வச்சிருக்காங்க," என்றாள் தனுஜா. "எடுத்தது யாரு, வச்சது யாரு. ரெண்டு கேள்வி."

*

ஐந்து மணிக்குக் கொட்டகையில் பதினைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் கிளப் சட்டை. நடுவில் ஒரு மேசை, மேசைமேல் கடிதம், கடிதத்தின்மேல் பேனா. பின்னால் பழக்கூடைகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வலது கையில் கட்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ரூபினி மோட்டார் சைக்கிளில் வந்தாள். பின் சீட்டில் டூல்பாக்ஸைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். தண்டனை வாங்க வருகிறவர்கள் டூல்பாக்ஸ் எடுத்து வருவதில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

தனுஜா ஹன்னாவின் வீடியோவைப் பெரிய டேப்லெட்டில் போட்டுக் காட்டினாள். புள்ளியைக் காட்டினாள், முள்ளைக் காட்டினாள், காரணத்தை ரூபினியைவிடச் சுருக்கமாகச் சொன்னாள். ஜீப்காரர்களுக்கு இதெல்லாம் நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லோகேஸ்வரன் இப்போதும் சிரித்தார்.

"நாப்பது வருச மீட்டர்மா அது. முள் கெட்டுப்போயி ரொம்ப நாளாச்சு. அத வச்சு என்ன சொல்ல முடியும்?"

தனுஜா மேசைக்குப் போய், பேனாவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கடிதத்தைக் கையில் எடுத்தாள்.

"நீங்க எழுதினதுதானே இது? 'சூட்டு முள் சிவப்புக்கு ஏறி, ஜீப் கொதித்தது.' கெட்டுப்போன முள் சிவப்புக்கு ஏறாது சார். காலையில தூங்கினதும் அதே முள், மேட்டுல முழிச்சதும் அதே முள். ஒண்ணு மீட்டர் சரி, இல்ல உங்க கடிதம் பொய். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அந்த மனிதரின் முகத்திலிருந்து அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு போனது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல் இருந்தது. கிளப் ஆட்களில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

பழக்கூடைப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார்.

"நான்தான் எடுத்தேன்," என்றார். "சனிக்கெழம. அந்தப் பொண்ணு நல்லாத்தான் சொல்லிக் கொடுத்துச்சு. ஆனா பதினாலு வருசமா அந்த முள்ளு கீழேயே கெடந்து பழகிட்டேன். திடீர்னு நடுவுல வந்து நிக்கவும் பயந்துட்டேன். கழட்டி சீட்டுக்கு அடியில வச்சேன். கொதிச்சப்பறம் பொஸ்கிட்ட சொன்னேன். ராவோட ராவா திரும்ப மாட்டிடு, வாயத் தொறக்காத, இல்லன்னா வேல இருக்காதுன்னாரு. ஒத்தக் கையாலயே விடியற வரைக்கும் ஒக்காந்து மாட்டினேன்."

லோகேஸ்வரன் தரையைப் பார்த்தார். அத்தோடு முடிந்திருந்தால் இந்த அத்தியாயத்தை நான் இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக எழுதியிருப்பேன்.

"வச்சது யாருன்னு தெரிஞ்சுது," என்றாள் தனுஜா. குரல் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. "எடுக்கணும்னு உங்களுக்கா தோணுச்சா அண்ணே? இல்ல யாராவது சொன்னாங்களா?"

நல்லமுத்து அப்போதுதான் முழுதாக வெளிச்சத்துக்கு வந்தார். செம்புக் காப்பு கட்டுப் போட்ட கையிலிருந்து இடது கைக்கு மாறியிருந்தது. அந்த இடது கை என்னைக் காட்டியது.

"இந்த அண்ணன்தான்," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஜெலுத்தோங் ஒட்டுக்கடையில. வெள்ளிக்கெழம."

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. கறுப்புத் தொப்பி போட்ட ஆள். அன்று என் கண்ணில் பட்டது தே கிளாஸைப் பிடித்த அந்தக் கையும் காப்பும்தான், முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. பக்கத்து மேசையில் யாரிடமோ முள்ளைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடாமலே நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, பனி நாட்டுக் கதையும் பஸ் கதையும் சொன்னேன். புடுங்கிக் கடாசுங்க தம்பி, நான் கேரண்டி என்றேன். இரண்டு மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் சொன்னேன். என்ன வண்டி, என்ன எஞ்சின் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தனுஜா தன் நோட்டுப் புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள். காலையில் எழுதிய ஒரு வரி. 'அ. அண்ணன், ஜெலுத்தோங் கடை: ரூபினி பட்டறைக்கு மூன்று கடை தள்ளி.'

"காலையிலேயே தெரியுமா?" என்றேன்.

"தெரியாது. அப்படி இருக்கக்கூடாதுன்னு நெனச்சேன்," என்றாள்.

இருபத்தாறு வருடத்தில் என் பஸ்ஸில் ஒருவருக்கும் நகக்கீறல்கூடப் பட்டதில்லை என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். இப்போது என் எதிரில் ஒரு மனிதர் வெந்த கையோடு நிற்கிறார். வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பது போதாது, அந்த டுரியான் கூடைகளில் ஒன்றுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

லோகேஸ்வரனுக்கு உயிர் திரும்பியது. "பாத்தீங்களா? இவங்க ஆளுதான் செஞ்சிருக்கான். இவங்களே செஞ்சிட்டு இவங்களே துப்பறியறாங்க. இந்த ஆளு கையெழுத்து போடட்டும், விசயம் முடிஞ்சுது."

"போடறேன்," என்றேன்.

பேனாவை எடுத்தேன். கடிதத்தைத் திருப்பி, வெற்றாக இருந்த பின்பக்கத்தில் எழுதினேன். தெரியாத எஞ்சினைப் பற்றித் தெரிந்தவன் மாதிரிப் பேசியது அய்யாக்கண்ணு ஆகிய நான். ரூபினியின் வேலையில் குற்றமில்லை. கையெழுத்துப் போட்டு நல்லமுத்துவிடம் நீட்டினேன். அவர் தன் பங்கை ஒரு வரியில் சொல்ல, அதையும் எழுதினேன். இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். மூன்றாவதாக ஒரு வரி எழுதினேன். தெர்மோஸ்டாட்டைத் திரும்ப வைக்கச் சொல்லி, பழியை ரூபினிமேல் போட்டது லோகேஸ்வரன் ஆகிய நான். கீழே கோடு போட்டேன். கோடு போட அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

"நான் எதுக்குப் போடணும்?" என்றார் லோகேஸ்வரன். "இவளோட வேல நல்ல வேலன்னு இன்னும் யாரும் நிரூபிக்கலையே. ஒரு படத்துல முள்ளு கீழ இருந்தா, இவ போட்டத மாட்டினா மேட்டுல கொதிக்காதுன்னு அர்த்தமா?"

நான் வாயைத் திறந்தேன். ரூபினி கையைக் காட்டி அடக்கினாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க நான் காலையிலிருந்து, இல்லை, ஐந்து நிமிடமாகத் தவித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அதற்கு நேரமில்லை.

"சாரியெல்லாம் அப்பறம் அங்கள். பன்னெண்டாம் நம்பர் ஸ்பானர் எடுங்க."

அதே பிளாஸ்டிக் பை, அதே தெர்மோஸ்டாட். பதினைந்து பேரும் சுற்றி நின்று பார்க்க, அவள் அதைப் பொருத்தினாள். எனக்கு ஸ்பானர் நீட்டுவதும் தண்ணீர் ஊற்றுவதும் வேலை. காற்று வெளியேற ஓரத்தில் இருக்கும் சின்ன ஊசி மேல்பக்கம் வரவேண்டும் என்று என்னை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். தொட்டேன். முக்கால் மணி நேரத்தில் முன்மூடியை இறக்கி, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கெழம ஆறு பேரு," என்றாள். "இன்னிக்கு எட்டு பேரு ஏறுங்க. பொஸ், நீங்க முன்னாடி. அங்கள், நீங்க நடுவுல உக்காந்து முள்ளு எங்க இருக்குன்னு சத்தமா சொல்லிட்டே வாங்க. வேற எதுவும் சொல்ல வேணாம்."

தனுஜாவும் கிளப் ஆட்கள் ஐந்து பேரும் பின்னால் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பின்கதவு இன்னமும் சரியாகத் திறக்கவில்லை. ஹன்னா புகாரில் நியாயம் இருந்தது. நல்லமுத்து கீழேயே நின்றுகொண்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, இருந்தாலும் பார்த்தேன்.

சாலையில் இரண்டு சுற்று ஓட்டியதும் முள் எழுந்தது. "கால்," என்றேன். "அரைக்குக் கீழ." பிறகு, "புள்ளி." ஜாதிக்காய் மரங்களைத் தாண்டித் தோட்டத்துப் பாதை ஆரம்பித்தது. அந்த மேடு மனிதன் ஏறுவதற்கே யோசிப்பான். ரூபினி கியரைத் தாழ்த்தினாள். எஞ்சின் உறுமியது. டுரியான் பொம்மை தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டியது. ஞாயிற்றுக்கிழமை கொதித்த வளைவு வந்தபோது லோகேஸ்வரன் கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"புள்ளி," என்றேன்.

அந்த வளைவில் ரூபினி வேண்டுமென்றே ஜீப்பை நிறுத்தினாள். சரிவில் அப்படியே பிடித்து வைத்து, திரும்பவும் இழுத்து ஏற்றினாள். புள்ளி. அடுத்த வளைவு, அதற்கு அடுத்தது. முள் ஒரு மயிரிழை மேலே போய், திரும்பி வந்து சிவப்புப் புள்ளியில் நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த கிளப் ஆட்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தன் ஜீப்பை எப்போது கொண்டு வரலாம் என்று ரூபினியின் காதருகில் கேட்டார். முதலில் இறங்கட்டும் என்றாள்.

உச்சியில் கொட்டாய் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியும். ரூபினி பிரேக் போட்டாள். எஞ்சினை அணைக்கவில்லை. கொட்டகை மேசையிலிருந்து எடுத்து வந்திருந்த அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, நாங்கள் எழுதிய பின்பக்கம் மேலே தெரியும்படி மடித்து, டாஷ்போர்டில் பொம்மைக்கும் மீட்டருக்கும் நடுவே வைத்தாள்.

"காலையிலேருந்து என் கையெழுத்துக்குக் காத்திருந்தீங்க பொஸ்," என்றாள். "இப்ப நான் காத்திருக்கேன். நீங்க போட்டாத்தான் வண்டி கீழ எறங்கும். அவசரமில்ல. எவ்வளவு நேரம் நின்னாலும் இது கொதிக்காது."

லோகேஸ்வரன் திரும்பிப் பின்னால் பார்த்தார். அவருடைய ஆட்கள் ஐந்து பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முள்ளைப் பார்த்தார். அது இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில் சட்டைப் பையைத் தடவினார், பேனா இல்லை.

பேனா என்னிடம் இருந்தது. அந்த நேரத்தில் சொல்ல எனக்கு நாலைந்து நல்ல வார்த்தைகள் தோன்றின. ஒன்றையும் சொல்லாமல் பேனாவை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.